தஞ்சையில் விழா என்றால் யாருக்கு விடுமுறை? சதய விழா, ஆராதனை, தேரோட்டம்: ஒரு விளக்கம்

ஐப்பசி நெருங்கும்போதும் தை பிறக்கும்போதும் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரே வகையான குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்ததாகச் செய்தி வருகிறது. வங்கி திறந்திருக்குமா, தேர்வு நடக்குமா, தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் இது பொருந்துமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சென்ற ஆண்டு நவம்பரில் வந்த விழா இந்த ஆண்டு ஏன் அக்டோபரில் வருகிறது என்ற அடுத்த கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

தஞ்சாவூர் பெருநகரம் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 2.2 லட்சம், நகராட்சியாக இருந்த ஊர் 2014இல்தான் மாநகராட்சியானது. இந்த அளவுள்ள ஊருக்கு, தன் தகுதிக்கு மீறியது என்று சொல்லத்தக்க விழா நாள்காட்டி இருக்கிறது. பெரிய கோயிலில் ஐப்பசிச் சதய விழாவும் மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலியும் சித்திரைத் தேரோட்டமும் நடக்கின்றன. சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. இவற்றை ஒரே வகையான நிகழ்ச்சிகளாக எண்ணுவதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. நாளைக் குறிக்கும் கணக்கு, இடத்தின்மேல் உரிமை உடையவர், செலவை ஏற்பவர் ஆகிய மூன்றும் விழாவுக்கு விழா வேறுபடுகின்றன.

அரசு விழா, பொது விடுமுறை, உள்ளூர் விடுமுறை

செய்திகளில் இந்த மூன்று சொற்களும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன. மூன்றும் வெவ்வேறு.

1. அரசு விழா என்பது, ஒரு விழாவை அரசே பொறுப்பேற்று நடத்தும் என்ற முடிவு. இராஜராஜன் பிறந்த நாளான ஐப்பசிச் சதயம் இனி அரசு விழாவாகக் கொண்டாடப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2022 நவம்பரில் அறிவித்தார். அந்த அறிவிப்பால் எந்த அலுவலகமும் மூடப்படுவதில்லை.

2. பொது விடுமுறை என்பது, மாநில அரசு ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடும் பட்டியலில் உள்ள நாள். பொங்கல், தீபாவளி, குடியரசு நாள் போன்றவை இதில் அடங்கும். இவை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) கீழ் அறிவிக்கப்படும்போது வங்கிகளுக்கும் பொருந்துகின்றன.

3. உள்ளூர் விடுமுறை என்பது, ஒரு மாவட்டத்துக்கோ அதன் ஒரு பகுதிக்கோ மாவட்ட ஆட்சியர் ஆணையால் அளிக்கப்படுவது. மாநில அரசு அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் அன்று இயங்கா. அதற்கு ஈடாகப் பின்னொரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும்.

உள்ளூர் விடுமுறை ஆணைகளின் கடைசிப் பத்தியில், இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டதன்று என்றும், அதனால் மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறிப்பிட்ட பணியாளர்களுடன் இயங்கும் என்றும் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். பலரும் படிக்காமல் கடந்துபோகும் இந்த வாசகத்தில்தான் வங்கி பற்றிய கேள்விக்கு விடை இருக்கிறது. காசோலையும் உறுதிமொழிப் பத்திரமும் எந்த நாளில் பணமாக வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது அந்தச் சட்டம். பணம் தரவேண்டிய நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் தரவேண்டும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. எது பொது விடுமுறை என்பதையும் அதே பிரிவு வரையறுக்கிறது. தேருக்காகவோ ஆராதனைக்காகவோ ஒரு மாவட்டத்தில் மட்டும் அந்தக் கெடு நகர்ந்தால், வேறு ஊரில் காசோலை கொடுத்தவருக்கும் இங்கே அதை வாங்கியவருக்கும் வெவ்வேறு நாட்கள் வந்து நிற்கும். ஆகவே வங்கிகள் வழக்கம்போலவே இயங்குகின்றன.

தனியார் நிறுவன ஊழியர்களின் நிலை இன்னும் தெளிவானது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அந்த ஐந்தில் உள்ளூர் விழாவும் இடம்பெற்றிருந்தால் ஊழியருக்கு அந்த நாள் கிடைக்கும். இல்லையென்றால் ஆட்சியர் ஆணையைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது. தேர் இழுக்கவும் பாட்டுக் கேட்கவும் வரவேண்டிய உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர், அவர்கள் பெயரால் அறிவிக்கப்பட்ட விடுமுறைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

நாள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது

சதய விழா நட்சத்திரத்தைப் பின்பற்றுகிறது. ஆராதனை திதியைப் பின்பற்றுகிறது. இரண்டும் நிலவின் ஓட்டத்தைச் சார்ந்தவை என்றாலும் கணக்கு ஒன்றன்று.

நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகின்றன. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாட்கள். ஆகவே சதய விழா வழக்கமாக ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து நாட்கள் முன்னால் வருகிறது. 2022இல் நவம்பர் 3ஆம் நாள் வந்த சதயம், 2023இல் அக்டோபர் 25க்கு வந்தது இப்படித்தான். இதே கணக்கில் அடுத்த ஆண்டு அக்டோபர் நடுப்பகுதிக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 2024 அக்டோபர் நடுவில் வந்த சதயத்தின்போது புரட்டாசி முடிந்திருக்கவில்லை. விழாவுக்கு உரியது ஐப்பசிச் சதயம் என்பதால் இன்னொரு சுற்றுக் காத்திருந்து நவம்பர் 10க்கு நாள் குறிக்கப்பட்டது. 2025இல் மறுபடியும் ஒன்பது நாட்கள் குறைந்து நவம்பர் 1.

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார். அன்று புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி. ஆராதனை அந்தத் திதியில் நடக்கிறது. பன்னிரண்டு பிறைமாதங்களுக்கு 354 நாட்களே என்பதால் இதுவும் ஆண்டுதோறும் பதினொன்று, பன்னிரண்டு நாட்கள் பின்வாங்குகிறது. இந்த இடைவெளியைச் சரிசெய்யப் பஞ்சாங்கத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்க்கப்படும். 2023இல் அப்படி ஒரு மாதம் சேர்ந்தது. அதனால்தான் 2023 ஜனவரி 11 அன்று நடந்த ஆராதனை, அடுத்த முறை 2024 ஜனவரி 30க்குத் தாவியது. பிறகு 2025 ஜனவரி 18, 2026 ஜனவரி 7 என்று மீண்டும் இறங்கியது. தமிழ் மாதக் கணக்கில் பார்த்தால் ஓர் ஆண்டு மார்கழியிலும் இன்னோர் ஆண்டு தையிலும் வருவதற்குக் காரணம் இதுவே. பள்ளி ஆண்டு விழாவையோ விற்பனைக் கண்காட்சியையோ ஆராதனையை ஒட்டி நடத்த நினைப்பவர்கள் சென்ற ஆண்டுத் தேதியை நம்பித் திட்டமிடக்கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சதய விழா என்ற பெயர் ஐப்பசிக்கு மட்டும் உரியதன்று. திருநாவுக்கரசரின் குருபூசை சித்திரைச் சதயத்தில் வருகிறது. அதையும் ஊர்மக்கள் சதய விழா என்றே சொல்வார்கள். செய்தியில் எந்த மாதச் சதயம் என்று பார்க்காவிட்டால் அப்பரும் இராஜராஜனும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள்.

1040 என்பது யாருடைய வயது

2025இல் நடந்தது 1040ஆவது சதய விழா. இதைக் கண்டு, இராஜராஜன் பிறந்து 1040 ஆண்டுகள் ஆகின்றன என்று எழுதிவிடுகிறார்கள். 2025இலிருந்து 1040ஐக் கழித்தால் 985 வருகிறது. கி.பி. 985 இராஜராஜன் அரியணை ஏறிய ஆண்டு. அவன் பிறந்த ஆண்டன்று. நாள் பிறந்த நட்சத்திரத்திலிருந்தும் எண் ஆட்சியேற்ற ஆண்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கின்றன. பெரிய கோயில் கட்டிமுடிக்கப்பட்ட 1010ஐ அடிப்படையாகக் கொண்டு 2010 செப்டம்பரில் ஆயிரமாவது ஆண்டு விழா எடுக்கப்பட்டது. அது வேறொரு கணக்கு.

சதயத்தைக் கொண்டாடும் வழக்கமோ புதிதன்று. மாதந்தோறும் வரும் பன்னிரண்டு சதய நாட்களும் விழா நாட்களாகப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே பேசப்படுகின்றன.

இடம் யாருடையது

பெரிய கோயிலில் நடக்கும் எதைப் பற்றிய செய்தியையும் புரிந்துகொள்ள, அந்த வளாகத்தில் இரண்டு பொறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை முதலில் அறிய வேண்டும். கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழிபாடு, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினர் பரம்பரை அறங்காவலராக உள்ள அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பு. அதன்மேல் இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வை உண்டு. 1987 முதல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது இதற்கெல்லாம் மேலே.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய இடத்தில் கூட்டமோ வரவேற்போ விருந்தோ கலை நிகழ்ச்சியோ நடத்த மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வழிவழி வந்த சமய வழக்கத்தின்படி நடப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பல செய்திகள் தெளிவாகும்.

1. பெருவுடையாருக்கு நடக்கும் பேரபிஷேகம், ஓதுவார்கள் தேவாரம் பாடச் செல்லும் திருமுறை வீதியுலா, பிரதோஷம் ஆகியவை வழக்கத்தின் பாற்பட்டவை. மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி நடத்தப்படும் நிகழ்ச்சி அனுமதிக்கு உட்பட்டது.

2. தனியார் ஆன்மிக அமைப்பு ஒன்று 2018 டிசம்பரில் கோயில் வளாகத்தில் பந்தல் அமைத்து நிகழ்ச்சி நடத்த முயன்றபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அந்தப் பந்தலைக் கண்ட பலருக்கு 1997 ஜூன் 7 நினைவுக்கு வந்தது. குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் நெரிசலிலும் அன்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 அன்றுதான் நடந்தது.

3. சதய விழாவில் மாலை அணிவிக்கப்படும் இராஜராஜன் சிலை கோயிலுக்கு வெளியே நிற்பதும் அனுமதியைச் சார்ந்த கதையே. 1972இல் மாநில அரசு அதைக் கோயிலுக்குள் நிறுவ விரும்பியது. மத்திய அரசு இசையவில்லை. சிலை வெளியே அமைந்தது. கோயிலை எழுப்பியவனுக்கு அதன் வாயிலுக்கு வெளியே மாலை விழுவது பார்ப்பவர் மனத்தை உறுத்தத்தான் செய்யும். ஆனால் யாருக்காகவும் தளராத விதி என்பதால்தான், நாளை வேறு யாருடைய சிலையும் உள்ளே வந்துவிடாது என்று நம்ப முடிகிறது.

கோயிலுக்கு உரிய இராஜராஜன், அவன் அரசி உலோகமாதேவி ஆகியோரின் செப்புத் திருமேனிகள் குஜராத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து 2018இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டன. அதன்பிறகு உள்ளே நடக்கும் சதய விழாவுக்கும் அரசனின் உருவம் வந்து சேர்ந்தது.

தேர் வீதிக்கு வந்தபின்

மதில்களுக்குள் தொல்லியல் துறையின் விதி. வாயிலைத் தாண்டினால் மாநகராட்சி, காவல் துறை, மின்வாரியம், தீயணைப்புத் துறை. பெரிய கோயில் தேரோட்டம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றுபோய், புதிய தேர் செய்து 2015இல் மீண்டும் தொடங்கியது. நான்கு ராஜ வீதிகளிலும் தேர் வரும் நாளில் என்ன நடக்கிறது என்பதைத் தேரின் அருகில் நின்று பார்த்தால்தான் விளங்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இருப்பதால் சக்கரம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தோடு ஒட்டி நடந்து முட்டுக்கட்டை போடுபவர்களின் கையில் இருக்கிறது. வீதி முனையில் ஒரு சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து மறு சக்கரத்தை ஓடவிடும்போது தேர் மெல்லத் திரும்புகிறது. கட்டை ஒரு கணம் பிந்தினால் வடத்தில் இருக்கும் எத்தனை பேராலும் தேரைப் பிடித்து நிறுத்த முடியாது.

மேலே கம்பி இருந்தால் நிலைமை இன்னும் கொடியது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர்; அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். ஊர்த்தேர்களுக்கு அனுமதி கேட்கும்போது தேரின் உயரம், செல்லும் பாதை, மின்தடை நேரம் ஆகியவற்றை அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பதைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். களிமேட்டில் இறந்தவர்களை நினைப்பவர் எவரும் அப்படிக் கருத முடியாது.

நடத்துபவர் மாறினால் விழாவும் மாறும்

திருவையாற்று ஆராதனை அரசு தொடங்கியதும் அன்று, கோயில் தொடங்கியதும் அன்று. தியாகராஜரின் மாணவர் பரம்பரை நடத்திவந்த திதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசை விழாவாக வளர்ந்து, பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. பெங்களூரு நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவிட்டு 1920களில் சமாதியைக் கோயிலாக எடுத்துக் கட்டினார். பெண்கள் பாடுவதற்கென்று தனியே விழாவும் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் மூன்று தரப்பும் ஒன்றுசேர்ந்தன. இன்று பஞ்சமி காலையில் ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசைகளில் தரையில் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களிலான பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுவதற்கு வழிவகுத்தது அந்த இணைப்பே. தேவரடியார் மரபில் வந்த ஒரு பெண் எழுப்பிய கோயில் அது என்பது, நேரலை வர்ணனைகளில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இவற்றுக்கு வெளியே, மத்திய அரசின் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்களில் ஒன்றான தென்னகப் பண்பாட்டு மையம் தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1980களின் நடுவிலிருந்து இயங்குகிறது. பிற மாநிலக் கலைஞர்கள் இங்கே வந்து ஆடுவதும் இங்குள்ள நாட்டுப்புறக் கலைஞர்கள் வெளியே செல்வதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

கலைஞருக்கு என்ன கிடைக்கிறது

நாள், இடம், அனுமதி பற்றி இவ்வளவு செய்திகள் வருகின்றன. அந்த நாளில் நாகசுரம் வாசிப்பவரும் கரகம் எடுப்பவரும் ஆண்டின் மற்ற நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் செய்தியாவதில்லை.

இன்றைய ஏற்பாடு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்கில் அமைந்தது. கலை பண்பாட்டுத் துறை மாவட்டக் கலை மன்றங்கள் வழியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகளை வயதுக்கு ஏற்ப வழங்குகிறது. 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியமும் இருக்கிறது. இவை தேவையானவையே. ஆனால் விருது ஒருமுறை வருவது. வாரிய உதவி திருமணம், கல்வி, மரணம் போன்ற நேரங்களில் வருவது. பயிற்சி செய்யும் சாதாரண நாளுக்கு இரண்டிலும் இடமில்லை.

பெரிய கோயில் கல்வெட்டுகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன.

1. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரின்) பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும்.

2. திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்.

3. இரண்டாம் இராஜேந்திரன் காலத்தில், வைகாசிப் பெரிய திருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தன் என்ற கூத்துக் கலைஞனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல்.

மூன்றாவதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு குறுணி ஒரு கலம்; நான்கு குறுணி ஒரு தூணி; மூன்று தூணி ஒரு கலம். நாளொன்றுக்கு ஒரு தூணி என்று வைத்து 360 நாளுக்குப் பெருக்கினால் சரியாக 120 கலம் வருகிறது. கூத்து ஆடுவது வைகாசியில் மட்டும். நெல் அளக்கப்படுவது ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும். ஆடாத நாளும் அடுத்த ஆட்டத்துக்கான நாள் என்பதை அந்தக் கணக்கு எழுதியவர் அறிந்திருந்தார்.

அரசர் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று இதன் பொருள். அந்தப் பெண்டுகள் எவ்வளவு விருப்பத்தோடு தம் ஊரை விட்டு வந்தார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. நெல்லாக வந்ததோ உழவர்கள் செலுத்திய வரி. எனினும் அந்த ஏற்பாட்டின் ஒரு கூறு இன்றும் எடுத்தாளத் தக்கது. சதய விழாவை அரசு விழாவாக ஏற்ற அரசு, அதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையேனும் மேடைக்கும் விளக்குக்கும் போகாமல் ஆண்டு ஊதியமாக உள்ளூர்க் கலைஞர்கள் சிலருக்கு ஒதுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

தளிச்சேரிக் கல்வெட்டின் இறுதியில் இதற்கான விதிமுறையும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உடைய ஒருவரை அமர்த்திப் பணி செய்விக்க வேண்டும். அப்படியும் ஆள் இல்லையென்றால், எஞ்சியுள்ளவர்களே கூடித் தகுதி உடையவரைத் தேர்ந்து இட, அவர் பங்கைப் பெறுவார்.